எல்லைக்கு மேற்கே

அன்புள்ள நண்பா,

களியக்காவிளையில் நம் ஊர்ப் பேருந்தை விட்டு இறங்கி, கடற்கரைப் பக்கமாக உச்சக்கடை வழியில் வந்தால் கேரளத்துக் குளத்தூர். இந்தப் பஞ்சாயத்தின் கடலோரம் பொழியூர். அதை ஒட்டிய நீரோடி தமிழ்நாடு. இரு ஊராரும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, மீன் விற்று, எல்லையை ஒரு நாளில் பலமுறை தாண்டுகிறார்கள்.

நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை, உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று உன் மகள் கலங்குகிறாளாமே. அந்தப் பயத்தை இந்த ஊர் அறியும். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் சொன்னார்: “போலீசு வருதுண்ணு கேட்டா ஆம்பிளையள் எல்லாம் விளைக்குள்ள போய்க் கெடப்பாவ, மக்களே. ராத்திரி விளக்கு கொளுத்தமாட்டோம். அடுத்த வீட்டு மலையாளியும் எங்களக் கண்டு பயந்தான், நாங்களும் அவனக் கண்டு பயந்தோம்.”

அவர் சொன்னது 1954. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்ட தாலுகாக்களில், குளத்தூர் இருக்கும் இந்த நெய்யாற்றின்கரையும் ஒன்று. அந்த ஆண்டுத் தேர்தலில் 117 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வெறும் 19 இடம் வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை, காங்கிரஸின் தயவில் முதலமைச்சர் ஆனார். ஆகஸ்ட் 11 அன்று தமிழர்கள் விடுதலை நாள் என்று ஊர்வலம் போனார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஊர்வலம் போனவர்கள் செத்து விழுந்தார்கள்.

இதில் என் நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. 1938 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.யின் ஆட்சியில் இதே நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் பட்டாளம் சுட்டது. அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கி, அதே ஆண்டு சிறைக்குப் போனவர் யார் தெரியுமா? இதே பட்டம் தாணுபிள்ளை. பதினாறு வருஷத்தில் துப்பாக்கி அவருடைய போலீஸின் கைக்கு வந்துவிட்டது.

அப்போது அவரைத் தட்டிக்கேட்டவர்களில் ஒருவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்த அவர், சுட்ட அரசு பதவி விலக வேண்டும், நீதி விசாரணை வைக்க வேண்டும் என்றார். நாட்டிலேயே அந்தக் கட்சி தலைமை தாங்கிய மந்திரிசபை அது ஒன்றுதான்! அதைக் கலைக்கச் சொன்னார். கட்சி கேட்கவில்லை. லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார், அடுத்த ஆண்டு கட்சியே உடைந்தது. லோகியா தோற்றார் என்றுதான் புத்தகங்கள் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னைச் சுட்டது தப்பு என்று சுட்டவர்களின் தலைவனே சொல்லிவிட்டான் என்பது அடிபட்டவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! கத்தியைத் தேடும் கை அங்கேதான் கொஞ்சம் தயங்குகிறது.

மற்றது விரைவில் நடந்தது. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பட்டம் மந்திரிசபை கவிழ்ந்தது. மாநில எல்லைகளை ஆராய்ந்த பசல் அலி கமிஷன் ஊர் ஊராகக் கேட்டு எழுதியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்கிருந்த தமிழர்களுக்கு அது தோல்விதான். பெரியவரின் அப்பா அன்றைக்குச் சோறு உண்ணவில்லையாம். ஆனாலும் அருவாளைத் தூக்கவில்லை.

அதே 1956-ஐக் கடலுக்கு அப்பால் நினைத்துப் பார். ஜூன் மாதம் கொழும்பில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. காலி முகத்திடலில் சத்தியாகிரகம் இருந்த தமிழர்களைக் கும்பல் அடித்தது, போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. மறுவருஷம் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதை எதிர்த்து எதிர்க்கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கிழித்தார். தன் பக்கத்து ஆட்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அடுத்த மாதமே கலவரம். 1983-க்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் எழுத வேண்டாம்.

இந்த எல்லையில் வழக்கு தீர்ந்துவிடவில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வயல் காய்ந்தவனின் வயிற்றெரிச்சல் நியாயமானது, நான் அவன் பக்கம். ஆனால் அந்த எரிச்சல் வக்கீல் கையில் காகிதமாக இருக்கிறது.

உன் மகளிடம் ஒன்று கேட்டு எழுது. 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைக் கும்பல் சூறையாடிய பிறகு, டிரம்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த பத்து கீழவை உறுப்பினர்கள் அவர் மேல் பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2022 தேர்தலில் அவர்களில் இருவர்தான் மீண்டும் சபைக்கு வந்தார்கள். அவள் ஊரில் அப்படிப்பட்டவர்களைப் பற்றி இன்று என்ன பேசிக்கொள்கிறார்கள்?

நாளை புதுக்கடைக்குப் போகிறேன். அங்கே தியாகிகள் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்