கடலைத் துரத்திக்கொண்டு ஒரு நாள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு நாள் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு வழக்கமான பாதை உருவாகிவிட்டது. காலையில் திருச்செந்தூரில் தரிசனம், வழியில் உடன்குடிக் கருப்பட்டி, மாலையில் மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள சிலுவைக் கோயிலுக்கு முன்னால் ஒரு படம். மூன்றும் நல்ல இடங்கள்தாம். ஆனால் இந்தப் பாதையில் போகிறவர் மூன்று தடவை கடலைப் பார்க்கிறாரே ஒழிய, கரையைப் பார்ப்பதில்லை. நீலக் கடலும் மணலும் எந்தக் கடலோரத்திலும் கிடைக்கும். இந்தக் கரைக்கே உரியது, அது ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை என்பதுதான். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் கிழக்கே ஒதுங்கியது. துறைமுகமும் அதன் பின்னாலேயே போனது. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. கையில் ஒரே நாள்தான் என்றால், கரையோரமாக ஓடுவதை விட்டுவிட்டு, உள்ளே கொற்கையில் தொடங்கிக் கடலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி.

கொற்கையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வயலும் வாழையும்தான். நெல்லுக்கு நடுவே ஒரு பழைய சிவன் கோயில். இரண்டாயிரம் ஆண்டு வயது என்று ஊரார் சொல்லும் ஒரு வன்னி மரம். அந்த வயதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரில் உப்புக் காற்றின் வாடைகூட இல்லை. ஆனால் கிரேக்க நூலான பெரிப்ளஸும் புவியியலாளர் தாலமியும் முத்துக் குளிக்கும் துறை என்று குறித்துவைத்த ஊர் இதுதான். தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் இங்கே தோண்டியபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. சங்கு நெற்பயிரில் விளைவதில்லையே. மகாபலிபுரத்தில் கல் தன்னையே காட்டிக்கொள்கிறது. பார்க்கிறவர் பாடு சுலபம். கொற்கையில் அந்தச் சௌகரியம் இல்லை. துறைமுகம் இருந்த இடத்தில் நெல் நிற்பதைப் பார்த்து, நடுவே நடந்தது என்ன என்று யோசித்தால்தான் அந்த ஊர் கண்ணில் படும். அந்த யோசனைக்குப் பொறுமை இல்லாதவர்கள் திருச்செந்தூருக்கே போகலாம். குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது பழையகாயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் துறைமுகம் இதுதான் என்று நிறுவியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். போலோ அங்கே முத்தைவிடக் குதிரையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்குகின்றன. பாண்டியர்கள் கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினார்களாம். லாடம் அடிக்கிறவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் இல்லை அல்லவா? ஒரு வெனிஸ்காரரின் கண்ணில் கொஞ்சம் மிகைப்பட்டும் இருக்கலாம். ஆனால் பாண்டிய நாட்டின் முத்து எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. இன்று அந்தப் பக்கத்தில் உப்பளங்கள் கண்கூசுகின்றன. கோபுரமோ கோட்டையோ கிடையாது. எனக்கு அந்த உப்பளமே போதுமானதாகப் படுகிறது.

இனி வருவது கொஞ்சம் கனமான ஆட்சேபம். மக்கள் வாழும் ஊர்களை வேடிக்கைப் பொருளாக்கலாமா? தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் மீனவர் ஊர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தைத் தந்த அன்றீக்கே அடிகளார் நெடுங்காலம் இருந்து தமிழ் கற்ற ஊர் என்று சொல்லிக்கொண்டு போய், வலை பிரிக்கும் பெண்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதில் எந்த வரலாற்று ஆர்வமும் இல்லை. காயல்பட்டினம் இதற்கு ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. அந்த முஸ்லிம் ஊரில் வீடுகளுக்கு நடுவே முடுக்குகள் ஓடுகின்றன. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர ஏற்பட்ட சந்துகள் அவை. மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழும் வழக்கம் உள்ள ஊருக்கு அது பொருத்தமான அமைப்புத்தான். வெளியூர் ஆணுக்கு அங்கே வேலை இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்ற வெறியை விட்டால், இந்த ஆட்சேபத்தில் பாதி கரைந்துவிடும். மீதிப் பாதி உண்மை. பேருந்து பேருந்தாகக் கூட்டம் வரத் தொடங்கினால் நான் சொல்லும் பாதையும் கெட்டுப்போகும்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள், இதில் சாப்பாடும் கொண்டாட்டமும் எங்கே என்பார்கள். அதற்குத்தான் தூத்துக்குடி கடைசியில் இருக்கிறது. அங்கே மக்ரூன் வாங்குங்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்கிற பண்டம். இங்கே பாதாமின் இடத்தில் முந்திரி உட்கார்ந்துகொண்டது. அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததே. முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்ந்து இளஞ்சூட்டில் மெல்லக் காய்ந்த அந்தக் கூம்பு, கடற்காற்று பட்டால் நமுத்துவிடும். அதனால் உடனே தின்றுவிட வேண்டும் என்ற பிள்ளைகளின் வாதத்தில் நியாயம் உண்டு. தின்றுகொண்டே பழைய துறைமுகப் பக்கம் போங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் பழகிய தோணிகளின் துறை அது. அங்கே ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் போய்ச் சரக்கெடுத்து வந்தன. ஆகவே கடலுக்குள் நெடுந்தூரம் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பி, 1974இல் புதிய துறைமுகத்தைத் திறந்தார்கள். கொற்கைக்காரர்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அங்கே நின்றுகொண்டு சண்டை போடலாம். வெயில் மீதமிருந்தால் மணப்பாட்டுக்கும் போய்வாருங்கள்.