முப்பது மில்லிமீட்டர்

ஆடிக் காற்றுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். மேற்கு மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று அம்பாசமுத்திரம் பக்கம் வருஷா வருஷம் அடிப்பதுதான். அந்தத் தெருவில் வேறு எந்தக் கூரையும் இறங்கவில்லை. நான் போட்ட ஓட்டுக் கொட்டகை மட்டும் இறங்கியது.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்கு அப்பா என்னைக் கூட்டிப் போய், மரத்தோடு மரம் எப்படிக் கவ்வி நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். பிறகு பாலிடெக்னிக்கும் படித்தேன். போல்ட் இணைப்புக்கான இந்தியத் தர விதி 11096ஐ, 1984இல் வந்ததை, பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன். இழுவை தாங்கும் மரத்தில், போல்ட்டுக்கும் முனைக்கும் நடுவே போல்ட் கனத்தைப் போல 5 மடங்கு இடம் வேண்டும். அது வன்மரத்துக்கு, மென்மரமானால் 7 மடங்கு. நான் போட்டது 12 மில்லிமீட்டர் போல்ட். கணக்குக்கு 60 வேண்டும். நான் விட்டது 30.

ஏன் விட்டேன்? கூரை விரிந்துவிடாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் அடிச்சட்டத்துக்கு ஒரே நீளத்தில் மரம் கிடைக்கவில்லை. இரண்டு துண்டை முட்ட வைத்து, இரு பக்கமும் பட்டைச் சட்டம் கொடுத்து முடுக்குவதாக ஏற்பாடு. அந்தப் பட்டைகளை நான்தான் அறுத்தேன். பேச்சு சுவாரசியத்தில் ஒரு சாண் குறைத்து அறுத்துவிட்டேன். தப்பாக அறுத்தேன் என்று வேலையாட்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. போல்ட்டுகளை நெருக்கிக் குறித்தேன்.

கூட இருந்த மாமா, என் அப்பாவோடு வேலை பார்த்தவர், குனிந்து பார்த்தார். "மாப்பிள, முனைக்கு ரொம்பக் கிட்ட வருது. வாய் பொளந்துரும்."

"இது இரும்பு மாமா. இரும்பு அறுமா?" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. அவருக்குக் கூலி கொடுப்பவன் நான்.

உள்ளுக்குள் பயம் இருந்தது. அதனால் போல்ட்டுகளுக்கு இடையே ஒரே வரிசையில் ஆறு ஆணி அடித்தேன். துளை போடாமலே அடித்தேன். ஆணியும் போல்ட்டும் சேர்ந்தால் இரட்டைப் பலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சேராது. போல்ட் துளையில் கொஞ்சம் இளக்கம் இருக்கும். பாரத்தை முதலில் ஆணி வாங்கும். ஆணி தோற்ற பிறகே போல்ட்டுக்கு வேலை. என் ஆணிகள் பாரம் வாங்கவில்லை, மரநார் ஓட்டத்தில் கோடு கிழித்தன. மரமும் பச்சை. காய்ந்து சுருங்கியதும் நட்டு இளகியிருக்கும். மறுபடி முடுக்க நான் போகவே இல்லை.

இரும்பு அறவில்லை. போல்ட் வளையக்கூட இல்லை. போல்ட்டுக்கும் முனைக்கும் நடுவே இருந்த மரம் ஆப்பு போல நழுவி வெளியே வந்தது.

கொட்டகை நிழலில் ஓர் அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஓடும் சட்டமும் விழுந்து அவர் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல் பழையபடி மடங்கவில்லை. பீடிக்கு விரல்தான் கருவி. ஆயிரம் சுற்றினால் இவ்வளவு என்று கூலி வாங்கியவர், அதன் பிறகு மகள் சுற்றிய பீடிக்கு நூல் மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தாள். பார்க்கப் போனபோது, "காத்துக்கு நீங்க என்ன செய்வீங்க, ஆசாரியாரே" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கொடுத்த காப்பியையும் குடித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கொட்டகையைத் திரும்பக் கட்டவும் வீட்டுக்காரர் என்னையே கூப்பிட்டார். இந்த முறை பட்டைகளைச் சரியான நீளத்துக்கு அறுத்தேன். 60 மில்லிமீட்டர் அளந்து விட்டேன். காற்று செய்த சேதம் என்று அவர் முழுக்கூலி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மாமா பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பணத்தை இன்று வரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.