தோற்றவர் நகை

இங்கிலாந்தின் ஹல் சிட்டி உதைபந்துக் குழு, 2008 டிசம்பர் 26-இல் மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில், இடைவேளைக்கு முன்னரே நான்கு கோல் வாங்கித் தவித்தது. மானேஜர் பில் பிரௌன் தம் ஆட்டக்காரரைப் புற்றரையிலேயே இருத்தி, உடன் வந்த ஊரார் கண்முன் விரல் நீட்டிக் கடிந்தார். பெற்ற தகப்பனும் மக்களைச் சபையிற் கடியக் கூசுவான் என்பது என் எண்ணம்.

அடுத்த மாதம் அக்குழுவிற் சேர்ந்தவர், பல குழுக்களில் ஆடித் திரிந்த நடுக்கள வீரர் ஜிம்மி புல்லார்ட். முதல் ஆட்டத்திலேயே முழங்காலிற் காயமுற்றுப் பன்மாதம் முடங்கினார். 2009 நவம்பர் 28-இல் அதே மைதானத்தில், பெனால்டி உதையால் ஆட்டத்தை 1-1 எனச் சமன்செய்ததும், தோழரைச் சுற்றி உட்காரச்செய்து, பிரௌனைப் போலவே விரலசைத்து நின்றார். பிரௌனும் அதனை ரசித்தார். கடியப்பட்ட அன்று அங்கிராத ஒருவரே அவ்வவமானத்தை நகையாக்கினர் என்பது வியப்பன்றோ! 2010-இல் பிரௌன் பொறுப்பினின்று விலக்கப்பட்டார். குழுவும் பிரீமியர் லீக்கினின்று இறங்கிற்று.