பென்னலூர் டு ரிச்சி ஸ்ட்ரீட்!

பென்னலூர் ஸ்டாப்பிங். எஸ்.வி.சி.இ. பசங்களுக்குப் பழகின இடம், பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். ஹைவேயில் மேற்கே போனா பெங்களூரு. 1954-ல் ஆரம்பிச்ச 'பெல்' நிறுவனம் அங்கே ரேடியோ வால்வு தயாரிச்ச காலம் உண்டு. அது பழங்கதை. தாத்தாவோட எல்.பி. ரெக்கார்டுக்கு உயிர் கொடுக்கணும்னா, நீங்க சென்னை பஸ் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போங்க.

ரெக்கார்டு ஊசி தர்றது சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. ப்ளேயரோ 2 வோல்ட்! அந்தக் கொசுச் சத்தத்தைப் பெருக்கி, தட்டில் குறைச்சு வெட்டின பேஸை மீட்கிறதுதான் ப்ரீ-ஆம்ப். அங்கே வால்வு போட்டா குரல்ல ஒரு இளஞ்சூடு வரும். (அதுவும் ஒருவகை டிஸ்டார்ஷன்தான். காதுக்குப் பிடிச்சிருக்கே, விடுங்க!) ஸ்பீக்கரைத் தள்ள டிரான்ஸிஸ்டர் ஆம்ப் போதும். அதையும் வால்வில் செய்யணும்னா கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், பர்ஸ் தாங்காது.

ஆம்ப்போட இன்புட் இம்பிடன்ஸ், ப்ரீ-ஆம்ப் அவுட்புட்டைவிட 10 மடங்காவது இருக்கணும். இல்லேன்னா பேஸ் காலி. ஹாஸ்டல் ரூம்ல கழட்டிப் பார்க்க ஆசையா? வேணாம். வால்வு சர்க்யூட் பலதில் 200 வோல்ட்டைத் தாண்டும், ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டர்ல மிச்சம் நிக்கும். ஆன் பண்றப்போ முதல்ல ப்ரீ-ஆம்ப், அது சூடானப்புறம் ஆம்ப். அணைக்கிறப்போ தலைகீழ். மாத்தினா 'டம்'னு ஒரு சத்தம், ஸ்பீக்கர் அவுட்!