பேச்சு போயிடுச்சு

தம்பி ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மூளையின் இடது பக்கம் ரத்தம் கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் கட்டிலருகிலேயே நின்று, "பேச்சு போயிடுச்சுங்க" என்பேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியே அழைத்தார். "சார், நாம பேசுறது அவருக்குப் புரியுது. பேச்சு போகலை, வரத் தாமதமாகுது. அப்படியே சொல்லுங்க."

சுருக்கென்றது. 1861-ல் பாரிஸ் அருகே டாக்டர் ப்ரோக்கா பார்த்த நோயாளிக்கு, வாய் திறந்தால் 'தான், தான்' என்றுதான் வருமாம். ஆஸ்பத்திரியில் அதையே அவருக்குப் பேராக்கிவிட்டார்கள். நான் செய்ததும் அதுதானே?

அன்றிலிருந்து, "தம்பியே சொல்வான், கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறுத்தார்கள். (எங்கள் வயசுக்காரர்களுக்கு என்ன அவசரம்!)

நாலாம் மாதம் ஒருநாள், அவன் காபியைத் தள்ளி வைத்தான். நான் வாயெடுத்தேன். கையமர்த்தினான்.

"ஆ... ஆறிப் போச்சுண்ணே."