சனிக்கிழமை எட்டரை மணிக்கு வர முடிந்தவர்கள்

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தல் என்றாலே நம் ஆட்கள் சண்டைக் கதைகளைத்தான் சொல்வார்கள். இரண்டு அணி, போலீஸ் புகார், பாதியில் நின்ற கூட்டம். கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்த, கேள்விப்பட்ட பெரும்பாலான பள்ளிகளில் சண்டையே கிடையாது. "தலைவர் பதவிக்கு முன்மொழியலாம்" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மண்டபம் அமைதியாகிவிடும். எல்லாரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "பழைய தலைவரே இருக்கட்டுமே." இன்னொரு குரல் வழிமொழியும். கைத்தட்டல். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்து, பசியாற நாசி லெமாக் பொட்டலம் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சண்டை நடக்கும் பள்ளிகளைவிட இந்தக் கைத்தட்டல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது.

சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1998இல் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கென்றே ஒழுங்குமுறைகள் வந்தன. தலைமையாசிரியர் ஆலோசகர். செயலவையை ஆண்டுப் பொதுக்கூட்டம் தேர்ந்தெடுக்கும். பள்ளி நிர்வாகத்தில் சங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது. இவ்வளவுதான். ஆனால் தமிழ்ப்பள்ளியில் சங்கத்தின் வேலை இந்தத் தாளுக்குள் அடங்குவதில்லை. கூரை ஒழுகினால், கூடுதல் வகுப்புக்குப் பணம் வேண்டுமென்றால், முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் குறைந்தால், ஒய்பியைப் பார்த்து மானியம் கேட்க வேண்டுமென்றால், சங்கம்தான். அதனால் தலைவர் என்பவர் 'ஆளைத் தெரிந்தவராக' இருக்க வேண்டும் என்று நாம் தானாகவே முடிவு செய்துவிடுகிறோம்.

இது தோட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தோன்றும். 1923 தொழிலாளர் சட்டப்படி, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். ஆனால் அது நிர்வாகத்தின் பள்ளி. பால்மரம் வெட்டப் போன அப்பா அம்மாவை யாரும் எதையும் கேட்கவில்லை. துரையிடம் பேசத் தெரிந்தவர் யாரோ, கிராணியோ கங்காணியோ, அவர்தான் ஊருக்குப் பேசுவார். இப்போது தோட்டமில்லை, துரையுமில்லை. காப்பாரிலும் பந்திங்கிலும் இருந்த சனம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் 'மேலே போய்ப் பேசக்கூடிய ஆள்' என்ற தகுதி மட்டும் நம்மோடு லாரி ஏறி வந்திருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், என் அக்கா.

அக்காவின் மகள் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம். அக்கா ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாமா கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். விளையாட்டுப் போட்டிக்கு முன்னூறு பொட்டலம் கட்டியதிலிருந்து கோத்தோங் ரோயோங்கில் கால்வாய் கழுவியது வரை அக்கா இருந்திருக்கிறாள். வகுப்புப் புலனக் குழுவை நடத்துவதும் அவள்தான். எந்தப் பிள்ளை காலையில் பசியாறாமல் வருகிறது, எந்த வீட்டில் வேன் காசு இரண்டு மாதம் பாக்கி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஆண்டுக் கூட்டம் எப்போதும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு. இரவு ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வீடு வந்தவள் எட்டரைக்கு மண்டபத்தில் என்ன செய்வாள், தூங்குவாள்.

போன கூட்டத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். ஓட்டு கிடையாதென்பதால் பின்னால் உட்கார்ந்திருந்தேன். துணைத் தலைவர் பதவிக்கு இன்னொரு அம்மா அக்காவின் பெயரைச் சொன்னார். உடனே மேடையிலிருந்து ஓர் அண்ணன், நல்ல அன்பாகத்தான், "தங்கச்சி, கல்வி இலாகாவுக்குப் போய்ப் பேசணும், மலாய்ல கடிதம் எழுதணும், ராத்திரி மீட்டிங் இருக்கும். நீங்க வேலைக்குப் போறவங்க. உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றார். அக்கா சிரித்தாள். "பரவாயில்லண்ணே, வேற யாராச்சும் இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா தொழிற்சாலையில் லைன் லீடர். தினமும் மலாய் மொழியில் அறிக்கை எழுதுகிறவள். வங்காளதேசத்து, நேப்பாளத் தொழிலாளர்களை மலாயில் பேசி மேய்ப்பவள். அதுகூடப் பெரிதில்லை. அவளுக்கு அடுத்து முன்மொழியப்பட்ட ஆளிடம் யாரும் மலாய் தெரியுமா, ராத்திரி வர முடியுமா என்று கேட்கவில்லை. காடி நிறுத்த இடம் தேடித் தாமதமாக வந்தவர், உட்காருவதற்கு முன்பே துணைத் தலைவர் ஆகிவிட்டார்.

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. மூத்த பையன் படிக்கும்போது தலைவரானவர். இப்போது கடைக்குட்டி மூன்றாம் ஆண்டில். (பிள்ளைகளுக்கு நடுவே இப்படி இடைவெளி விட்டால் ஒருவர் பன்னிரண்டு வருஷம்கூடத் தலைவராக இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் பள்ளி ஜனநாயகத்துக்கும் தொடர்பு உண்டு.) 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கைக்காசு போட்டு வீடுவீடாக அரிசி கொடுத்தவர். அவரை இறக்க வேண்டும் என்பதல்ல என் பேச்சு. தகுதிக் கேள்வியைச் சிலரிடம் மட்டும் கேட்கிறோம், அதையும் அக்கறையாகக் கேட்கிறோம் என்பதுதான். 'உங்களுக்கு ஏன் சிரமம்' என்ற வாக்கியத்துக்கு எதிராக எந்த ஒழுங்குமுறையின் கீழும் புகார் கொடுக்க முடியாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் டீ குடித்துக்கொண்டே இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். அவன் உடனே உத்திரமேரூருக்குப் போய்விட்டான். நாம எல்லாத்துக்கும் சோழர்கிட்ட போறவங்கதானே. ஆனால் இந்த முறை அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அந்த ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைக் கோயில் சுவரில் கல்லாக வெட்டி வைத்தது. முப்பது குடும்புகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எல்லார் முன்னிலையிலும், உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரிந்திருக்க, உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஒளிக்க முடியாதபடி. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் குடத்துக்குள் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரர்களும் வரவே முடியாது.

குடவோலையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்தத் தகுதிப் பட்டியலில் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உண்டு. அது பிராமண ஊரின் சபை. அக்காவுக்கு அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது, எனக்கும்தான். இருந்தாலும் எனக்கு அதில் பிடித்தது குலுக்கல் அல்ல. தகுதி என்னவென்று முன்கூட்டியே சுவரில் எழுதி, உள்ளே வரும் எல்லாருக்கும் அதே அளவுகோல் என்றார்கள். அது அநியாயமான அளவுகோலாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தால் சண்டை போடலாம். நம் மண்டபத்தில் அளவுகோல் யாரோ ஒருவர் வாயில் இருக்கிறது, ஆளைப் பார்த்து நீள்கிறது, சுருங்குகிறது.

"அப்ப குலுக்கலாமா?" என்றான் நண்பன். அவனே பதிலும் சொன்னான். "சீட்டு விழுந்தவன் வேலை செய்வானாடா? என் பேர் விழுந்தா நான் பிள்ளைய ஸ்கூல் மாத்திடுவேன்." அதுவும் சரிதான். பொருளாளரைக் குலுக்கி எடுக்க எனக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் செயலவை உறுப்பினர்களை, ஆண்டுக்கு ஒருவர் என்று, ஒப்புக்கொண்டவர்கள் பெயரை மட்டும் போட்டு எடுத்தால் என்ன?

இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வேறு வழியில் போனது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எழுதிவிட்டால் எல்லாம் நடந்துவிடாது, மனைவி பெயரில் கணவன் வந்து உட்காருவது அங்கே ஊராட்சிகளில் பழைய கதை. ஆனாலும் கைத்தட்டலை மட்டும் நம்பினால் யார் வெளியே நிற்பார்கள் என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் கணித்திருக்கிறார்கள்.

நான் பொறியாளன். என் கவனம் இன்னும் சின்ன விஷயத்துக்குத்தான் போகிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். நிர்வாகத்துக்கு எத்தனை பேரோ தொழிலாளர்களுக்கும் அத்தனை பேர். எங்கள் ஆலையில் அந்தக் கூட்டத்தை வேலை நேரத்தில், இரண்டு ஷிப்டும் மாறும் வேளையில் வைக்கிறோம். இரவு ஷிப்ட் ஆட்கள் வர வேண்டுமே என்று யாரும் தனியாக இரக்கப்படவில்லை. வராவிட்டால் ராத்திரி எந்த மெஷின் கை கடிக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பள்ளியிலும் பசியாறாமல் வரும் பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஆள் அந்த மேசையில் இல்லையென்றால் நஷ்டம் அக்காவுக்கு அல்ல.

ஆகவே அக்காவும் இன்னும் நான்கு அம்மாமார்களும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். மலாயில், அக்கா எழுதியது. கேட்டவை அதிகமில்லை. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு வேட்பாளர் படிவம் போக வேண்டும். எந்தப் பதவிக்கு என்ன வேலை, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அதிலேயே எழுத வேண்டும். ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டாம். கூட்டம் ஒரு வருஷம் சனிக்கிழமை என்றால் அடுத்த வருஷம் ஞாயிறு மாலை. தலைமையாசிரியை படித்துவிட்டு, "நல்ல யோசனை, செயலவையில் பேசுவோம்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் இரண்டு நாளாக விவாதம்.

படிவத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஐந்தாவது கேள்வி, அரசாங்க அலுவலகங்களில் மலாயில் பேசவும் எழுதவும் முடியுமா. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். எல்லாரும் நிரப்பணும்ல" என்றாள் அக்கா. மாதிரிப் படிவம் ஒன்றைத் தலைவர் அண்ணனுக்கும் புலனத்தில் அனுப்பியிருக்கிறாள். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்குத் தேதி வைக்கவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று பேசிக்கொள்கிறார்கள். அக்காவுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட்.