சந்தை நாளும் சாணைக் கொட்டகையும்

சனிக்கிழமை என்றால் எட்டயபுரத்தில் ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்து ஆடுகள் வந்து இறங்கிவிடும். தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கிவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. ஆடு விற்க வருகிறவர்கள் கையோடு இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டு போவார்கள். அரிவாள், கறிக்கத்தி, கருவேல முள் வெட்டுகிற வெட்டுக்கத்தி எல்லாம் சாணைக்கு வரும். அவற்றோடு, சாக்கில் சுற்றிய வட்ட ரம்பங்களும் வரும். கடைத்தெருவின் ஒரு கோடியில், தகரக் கூரை போட்ட கொட்டகையில் இருந்த ஆசாரிதான் அத்தனைக்கும் கூர் வைத்தார்.

அப்பா சின்னதாக ஒரு மரக்கடை வைத்திருந்தார். வாசற்கால், நிலை, கட்டில் சட்டம் என்று அறுத்துக் கொடுக்கிற ஒற்றை ரம்ப மிஷின். பிளேடு மழுங்கியதும் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எண்பதுகளின் கடைசி அது. கொட்டகைக்குள் நுழைந்தால் மண்ணெண்ணெய் வாசமும் இரும்புத் தூள் வாசமும் சேர்ந்து வரும். அந்த வாசத்தை இன்று எங்கே முகர்ந்தாலும் நான் எட்டயபுரத்தில் நிற்பேன்.

ஆசாரி பிளேடை வாங்கியதும் அரத்தை எடுக்க மாட்டார். நடுத்துளையில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, உளிப்பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார். பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அப்படித்தான். கணீரென்று நீண்டு ஒலித்தால் தகடு நன்றாக இருக்கிறது. சத்தம் செத்து விழுந்தால் எங்கோ கீறல் விட்டிருக்கிறது. இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் பெரும்பாலும் கீறல் தொடங்கும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகிற தகட்டில் கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கியதில்லை. "இது மனுசன் வயித்துக்கு நேரா ஓடுற சாமான்டே" என்பார், அவ்வளவுதான். கீறல் கண்ட பிளேடைக் காசு கொடுத்தாலும் தீட்டித் தர மாட்டார்.

தட்டிப் பார்த்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் படிப்பார். படிப்பார் என்றுதான் சொல்ல வேண்டும். தகட்டில் ஒருபக்கம் மட்டும் கருகல் இருந்தால் மிஷினில் மரத்தை ஒட்டித் தள்ளுகிற அணைகட்டை நேராக இல்லை என்பார். நீலம் பாய்ந்திருந்தால், மழுங்கிய பிறகும் விடாமல் தள்ளி அறுத்திருக்கிறார்கள் என்பார். ஓரிடத்தில் மட்டும் நாலைந்து பல் சிதைந்திருந்தால் கேள்வியே வேண்டாம்.

"என்ன அண்ணாச்சி, ரோட்டோரத்து வேம்பா?"

"ஆமா ஆசாரியாரே. உள்ளுக்குள்ள ஆணி இருந்திருக்கு."

"போர்டு அடிச்சிட்டுப் போனவன் போயிட்டான். மரம் ஆணியை முழுங்கி வச்சிருக்கு. இனிமே அறுக்குமுன்ன காந்தத்தை ஓட்டிப் பாரும்."

எங்கள் பக்கத்து மரங்களே ரம்பத்துக்கு எதிரிகள். புளியின் வைரம் கல்லுக்குச் சமம். பனையில் கருநிறச் சிலாம்பு ஒவ்வொன்றும் பல்லைத் தேய்க்கும். வேம்பும் வாகையும் அறுபடும்போது கக்குகிற பிசின் பல்லின் பக்கவாட்டில் படிந்து இறுகும். மழைக்காலத்தில் இழுத்து வந்த கருவேலங்கட்டையின் பட்டை இடுக்கெல்லாம் கரிசல் மண் அப்பியிருக்கும், அது காய்ந்தபின் உப்புத்தாள்போல அறுக்கிறவனின் ரம்பத்தையே அரிக்கும். பட்டையை உரித்துவிட்டு அறுத்தால் ஒரு தீட்டலுக்கு இரண்டு மடங்கு வேலை எடுக்கலாம் என்று ஆசாரி எல்லோரிடமும் சொல்வார். கேட்டவர்கள் கொஞ்சம்தான்.

அவர் சொன்னதில் எனக்கு இன்றுவரை மறக்காதது வேறொன்று. மழுங்கிவிட்டது என்று வருகிற பிளேடுகளில் நிறைய உண்மையில் மழுங்கியவை அல்ல, அழுக்கானவை. பிசின் ஏறிய பல் மரத்தைக் கடிக்காமல் உரசுகிறது, உரசுவதால் சூடேறுகிறது, சூட்டில் இன்னும் பிசின் ஒட்டுகிறது. அவரிடம் ஒரு அகலமான தாம்பாளம் இருந்தது. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் பிளேடை ஊறப் போடுவார். பிடிவாதமான பிசினுக்கு மண்ணெண்ணெய். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைத்து, கையால் எண்ணெய் தடவி, நகத்தில் பல்லை உரசிப் பார்ப்பார். நகம் சீவினால் வேலை முடிந்தது. தீட்டுக் கூலி வாங்க மாட்டார், துலக்கியதற்கு மட்டும் ஏதோ சில்லறை. நாலு தடவை அரம் போட்டு இரும்பைக் கரைத்துக் காசு பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதால்தான் விளாத்திகுளம் பக்கத்து ஆட்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

நிஜமாகவே மழுங்கிய பிளேடு என்றால் வேலை நீளும். முதலில் எல்லாப் பல்லின் நுனியும் ஒரே வட்டத்தில் இருக்க வேண்டும். ஓடுகிற பிளேடின் மீது சாணைக்கல்லை மிக மெதுவாகத் தொடவைப்பார். உயரமான பற்களின் நுனியில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். ஓடுகிற பல்லுக்குக் கை கொடுக்கும் வேலை அது, எங்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிடுவார். அடுத்து பல் சாய்ப்பது. ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம், அதுவும் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும். அந்தச் சாய்மானத்தால்தான் வெட்டு, தகட்டைவிடச் சற்று அகலமாக விழுந்து தகடு மரத்தில் சிக்காமல் ஓடுகிறது. கடைசியில் அரம். தொடங்கிய பல்லில் சாக்கட்டியால் ஒரு கோடு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு, ஒரே அழுத்தம், நுனியிலிருந்த அந்தப் பளிச்சுப் புள்ளி மறைகிற வரை மட்டும். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் அந்தப் பல் குட்டையாகிவிடும், பக்கத்துப் பல் அதன் வேலையையும் சுமக்கும்.

நெடுக்கே அறுக்கிற பல்லுக்கு அரத்தை நேராகப் பிடிப்பார், உளி வாய்போல வரும். குறுக்கே அறுப்பதற்கு அரத்தைச் சாய்த்து, கத்தி முனைபோல ஆக்குவார். "நார் வெட்டணுமா, நார் பிளக்கணுமா? அதைச் சொல்லு முதல்ல" என்று என்னிடம் கேட்பார். நான் ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டு வருவேன்.

பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் இந்த ஊரில் பருத்தி ஆலை தொடங்கி நொடித்துப்போன கதையை எட்டயபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: அந்த இயந்திரங்களைப் பழுது பார்த்த கைகள் யாருடையவை? 1947இல் கட்டி முடித்த மணிமண்டபத்தில் பாரதி இருக்கிறார். முத்துசாமி தீட்சிதருக்கும் உமறுப் புலவருக்கும் இங்கே நினைவிடங்கள் உண்டு. உரியதுதான். ஆனாலும் அரம் பிடித்த கைகளைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதப்பட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

பிறகு மரமே மாறியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டு மரம் மதுரைச் சாலையில் லாரி லாரியாக எங்கள் ஊரைக் கடந்து போகும். பர்மா தேக்குக்கு வாடிக்கையாளர்கள் ஏங்கினார்கள். 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்தியது. அதற்கு முன்பே பிளைவுட்டும் தூள் பலகையும் கடைகளை நிறைத்துவிட்டன. அவற்றை ஒட்டியிருக்கிற பசை சாதா எஃகுப் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். அதனால் கார்பைட் பல் வைத்த பிளேடுகள் வந்தன. டங்ஸ்டன் கார்பைட்டை வெட்டும் கருவிக்கு ஏற்ற பொருளாக 1920களில் ஜெர்மனியில் உருவாக்கினார்கள், பிறகு அது உலகம் முழுதும் பரவியது. அதன்மேல் அரம் ஏறாது. வைரத் தூள் பதித்த சக்கரம் கொண்ட மிஷின் வேண்டும்.

ஆசாரி முதல் கார்பைட் பிளேடைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தது நினைவிருக்கிறது. ஒவ்வொரு பல்லிலும் பற்றவைத்திருந்த அந்தச் சாம்பல்நிறத் துண்டை நகத்தால் வருடினார். "நல்ல சாமான்" என்றார், மனசார. தன் அரத்துக்கு அங்கே இடமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2012இல், மிஷின் ஓடாத நேரத்தில் தச்சர்கள் பழைய கைரம்பங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் திரும்ப வந்தார்கள். அவருடைய கொட்டகை கடைசியாக நிரம்பியது அந்த வருஷம்தான்.

இப்போது நல்ல கார்பைட் பிளேடை மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ பஸ்ஸில் போட்டு அனுப்பித் தீட்டி வாங்குகிறார்கள். தடித்த துண்டு வைத்த பிளேடு பல தீட்டலுக்குத் தாங்கும், துண்டு உடைந்தால் அந்தப் பல்லுக்கு மட்டும் புதிது பற்றவைக்கவும் முடியும். மலிவுப் பிளேடின் துண்டு மெல்லியது. தீட்டுக் கூலியும் போக்குவரத்தும் சேர்ந்தால் புதிது வாங்கிவிடலாம் என்று தூக்கி எறிகிறார்கள். பழைய எஃகுத் தகட்டை யாரும் எறிந்ததில்லை. தேய்ந்து சிறுத்த பிளேடை வெட்டி அரிவாள்மனைக்கு அலகு செய்வார் ஆசாரி, இழைத்த பலகையைச் சுரண்டி வழவழப்பாக்கத் தச்சர்களுக்குத் தகட்டுத் துண்டு கொடுப்பார்.

ஊருக்குப் போகும்போது மரவேலைக்காரத் தம்பிகள் யாராவது பிளேடு போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்பார்கள். மிஷின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றுங்கள், சலவைச் சோடா வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுத் துலக்குங்கள், கார்பைட் பிளேடு என்றால் ரொம்ப நேரம் ஊற விடாதீர்கள், ஈரமில்லாமல் துடையுங்கள், பிறகு நகத்தில் உரசிப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன். பல பேர் மறுநாள் அதே பிளேடை மாட்டி அறுக்கிறார்கள்.